இலையின் இடது பக்கம்

"கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு" என்று அந்த டாக்டர் சொன்னாலும் சொன்னார், என் புருஷன் வீட்டார் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். அதற்குப் பின்னால் அவர் சொன்னதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைத்ததில், கண் அனுப்புவதை வாங்கிப் பார்க்கிற இடம் கெட்டுவிட்டது, அதனால் இரண்டு கண்ணிலுமே இடது பாதி தெரியாது என்று படம் போட்டுக் காட்டினார். என் வீட்டுக்காரர் முத்துப்பாண்டி அதற்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டு, "அனுசியாவுக்குக் கண்ணு நல்லா இருக்காம்" என்றார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

இடது பக்கம் இருட்டாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இருட்டாக இருந்தால் தேவலையே, அங்கே ஏதோ இருக்கிறது என்றாவது தெரியும். எனக்கு அப்படி ஒரு பக்கமே கிடையாது. வீட்டில் நிலைப்படியில் தோள் இடிக்கும். சேத்தூர் பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நின்றவள் காலை மிதித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த நிலைமையில்தான் என் நாத்தனார் முனீஸ்வரி மகளுக்கு நிச்சயம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வீட்டிலேயே பந்தி. இலையின் நுனி இடது பக்கம் வருகிற மாதிரி போடுவதுதான் முறை. உப்பு, ஊறுகாய், இனிப்பு எல்லாம் அந்த மூலையில்தான் விழும். எனக்கோ பாதி இலைதான் இருந்தது. உப்புச் சப்பில்லாமல் சாப்பிட்டேன். இனிப்பு வைக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, கேட்டால் நன்றாக இருக்காது என்று கை கழுவ எழுந்துவிட்டேன்.

"எம்மக நிச்சயத்துல கேசரியைத் தொடாம எந்திரிச்சுப் போறா பாருங்க. வயித்தெரிச்சல் புடிச்சவ" என்றாள் முனீஸ்வரி, ஊருக்கே கேட்கிற மாதிரி.

"தெரியல மதினி" என்றேன்.

"கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டரே சொல்லியாச்சு. யாருகிட்டட்டி நடிக்க?"

அன்றிலிருந்து எனக்கு நடிக்கிறவள் என்று பேர். நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும் என்று விட எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பேரை அழித்தே தீருவது என்றுதான் ராஜபாளையத்தில் பார்வைப் பயிற்சிக்குப் போனேன்.

அங்கே வைஜயந்தி என்று ஒரு பெண். ஒளிவு மறைவு கிடையாது. "போன பாதி அப்படியே திரும்பி வந்துரும்னு பொய் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா அந்தப் பக்கம் தேடிப் பாக்க மூளையைப் பழக்கலாம்" என்றாள். மேசையின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டுவாள். அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பி, அங்கிருந்துதான் எதையும் பார்க்கத் தொடங்க வேண்டும். தலை விண்விண்ணென்று தெறிக்கும். திரும்பி வருகையில் பஸ்ஸில் குமட்டும், கூட வருகிற முத்துப்பாண்டி தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். வீட்டில் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிப் பழகினேன். இடது பக்கத்துக் கல்லெல்லாம் தப்பிப் போய் அவர் பல்லில் கடிபடும். "பொறுக்குன லெச்சணத்தைப் பாரு" என்பார். கடிபடட்டும் என்று இருந்தேன்.

மாதங்கள் போகப் போக, சொல்லாமலே தலை திரும்பத் தொடங்கியது. சோற்றில் கல் வருவது நின்றது.

கல்யாணத்தன்று மண்டபத்தில் இலை போட்டதும் தலையைத் திருப்பி நுனியைத் தேடிப் பிடித்தேன். உப்பு இருந்தது. ஊறுகாய் இருந்தது. முந்திரி பதித்த லட்டு ஒன்று இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு லட்டைக் கண்டு அழுத பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு பொட்டு விடாமல் தின்றேன்.

பந்தி விசாரிக்க வந்த முனீஸ்வரி என் இலையருகில் நின்றாள்.

"பாத்தீகளா, இன்னைக்கு எல்லாம் தெரியுது. அப்ப அன்னைக்கு நடிச்சிருக்கான்னு நான் சொன்னது சரிதானே?"

வரிசையே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவு பாடுபட்டுத் தேறி வந்தால், தேறியதே நான் பொய்க்காரி என்பதற்குச் சாட்சியாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். திறந்தார்.

"விடுக்கா. இவ அன்னைக்கே இப்படித் திரும்பிப் பாத்துச் சாப்பிட்டிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது."

நான் முழுசாக அவர் பக்கம் திரும்பினேன்.

"அன்னைக்கு நீங்க எனக்கு அடுத்த எலையிலதான இருந்தீக. கேசரி அப்படியே கெடந்ததைப் பாத்தீகளா இல்லையா?"

"பாத்தேன்."

"பொறவு ஏன் சொல்லல?"

சாம்பாரைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நீ வேணும்னே விடுறன்னு நெனச்சேன்" என்றார்.

பக்கத்து இலைக்காரர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். நான் எழுந்தேன். கை கழுவும் இடத்துக்குக் கூட்டிப்போக அவரும் எழுந்து என் முழங்கையைப் பிடிக்க வந்தார்.

"வேண்டாம், உக்காந்து சாப்பிடுங்க. எனக்கு இப்ப நல்லாவே தெரியுது" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.