முதல் மாடியின் கடைசிக் கடை

மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்து வேண்டும் என்று மால் மேலாளர் தென்னரசு காலையிலேயே ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ‘தொடர்கிறேன்’, ‘காலி செய்கிறேன்’. ஒன்றில் குறி போட வேண்டும். விழுப்புரத்தில் இந்த மால் திறந்தபோது முதல் மாடியில் பதினேழு கடைகள் இருந்தன. இப்போது என் கடை மட்டும்தான். நானும் போய்விட்டால், மாடி முழுவதையும் ஆன்லைன் பார்சல் கம்பெனி ஒன்றுக்குக் குடோனாக விட்டுவிடலாம் என்று முதலாளி காத்திருந்தார்.

நான் தைப்பது வெள்ளை உடுப்புகள். ஞானஸ்நானம், பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை, மாதா கோயில் கல்யாணம். நான் கிறிஸ்தவள் இல்லை. திண்டிவனத்தில் கன்னியர் மடத்தில் தையல் கற்றேன். கை அதிலேயே பழகிவிட்டது. ஒன்பது வருடங்களாகத் தினமும் திண்டிவனத்தில் பஸ் ஏறி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று எனக்குள்ளேயே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டேன். பதினோரு மணிக்கு ஒரு கல்யாண வீட்டார் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பெண்ணுக்குக் கவுன், அவளுக்கு முன்னால் பூப்போடும் சிறுமிகள் நால்வருக்கு உடுப்பு. அந்த ஆர்டர் கிடைத்தால் தொடர்வது, இல்லையென்றால் காலி செய்வது. மூன்று மாதமாக யோசித்து யோசனையே தேய்ந்து போயிருந்தது.

அவர்கள் வந்ததை மேலே கைப்பிடிச் சுவரருகே நின்று பார்த்தேன். அம்மா இருதயமேரி, மகள் ஆஷ்லின். நின்றுபோன எஸ்கலேட்டரின் அடியில் அந்த அம்மாவும் நின்றுவிட்டார்.

“ஓடாதா இது?”

“கூட்டம் இல்லன்னு நிறுத்தி வெச்சிருக்காங்கம்மா. லிஃப்ட்டும் ரிப்பேரு” என்றேன் மேலிருந்தே.

“அப்ப நான் எப்பிடி வர்றது? முட்டி ரெண்டும் வீங்கிக்கினு கெடக்குது.”

“நீ கீழ ஒக்காரும்மா, நான் போட்டோ எடுத்துக்கினு வர்றேன்” என்றாள் ஆஷ்லின்.

“மாப்ளயத்தான் போட்டோவுல பாத்து முடிச்ச. உடுப்பயாவது நான் நேர்ல பாக்கறேன்.”

நான் இறங்கி ஓடினேன். தென்னரசு தன் அறையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பத்து பேர் நின்னா போடுவேன் மேடம். ஒருத்தருக்காக ஓட்டக்கூடாதுன்னு ஓனர் சொல்லிக்கீறாரு.”

“எஸ்கலேட்டர் ஓடுனாதான் சார் ஆள் வரும்.”

“ஆள் வந்தாதான் மேடம் எஸ்கலேட்டர் ஓடும்.”

ஆறு மாதமாக இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் மறுபடி போனைப் பார்த்தார்.

வாசல் காவலாளி விருத்தாசலம்தான், “ஆள்தான வேணும்? இரு தங்கச்சி” என்று கிளம்பினார். முதலில் துடைப்பத்தோடு இருந்த ஜெயத்தை இழுத்தார். பிறகு கூல்டிரிங்க்ஸ் கடைக்காரர். அப்புறம், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று ஏசியில் வந்து உட்கார்ந்திருந்த மூன்று பெண்கள்.

“மேல எதுனா இனாமா தர்றாங்களா?”

“ஒண்ணும் தரல. சும்மா ஏறி நில்லுங்க.”

“எறங்கறதுக்கு?”

“அதுக்குப் படி இருக்குது.”

மூலையில் ஒரு கல்லூரி ஜோடி இருந்தது. “நாங்க எதுக்குண்ணா மாடிக்கு?” என்றான் பையன்.

“ஆளில்லாத மாடிக்குப் போறதுக்கு ஒனக்குக் காரணம் வேற சொல்லணுமா? ஏறு.”

அந்தப் பெண் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். விருத்தாசலம் தன்னையும் சேர்த்துக்கொண்டார். அம்மாவும் மகளும் சேர்ந்து சரியாகப் பத்து. தென்னரசு விரலை நீட்டி எண்ணிவிட்டுச் சாவியைத் திருகினார். எஸ்கலேட்டர் முனகிக்கொண்டே நகர்ந்தது. ஜெயம் இருதயமேரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி ஆள் மேலே கால் வைத்ததுமே தென்னரசு அதை நிறுத்திவிட்டார்.

மேலே போவதற்கு வேறு இடமில்லாததால் எல்லாரும் என் கடைக்குள் வந்தார்கள்.

“நல்லா கூட்டம் வர்ற கடதான் போலக்கீது” என்றார் இருதயமேரி. விருத்தாசலம் கூரையைப் பார்த்தார்.

மாதிரிக்கு வைத்திருந்த கவுனை ஆஷ்லின் போட்டுக்கொண்டு வந்தபோது எல்லாரும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அந்த அம்மா மகளைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களில் ஒருத்தி, “கை மட்டும் கொஞ்சம் தொளதொளன்னு கீது, மத்தபடி கச்சிதம்” என்றாள். கவுன், முக்காடு, கிரீடம், சிறுமிகளுக்கான உடுப்புகள், எல்லாமே முடிவாயிற்று. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அளவுகளைக் குறித்துக்கொண்டேன். பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன்.

“போட்டுப் பாக்க எத்தன தபா வரணும்?” என்று கேட்டார் இருதயமேரி.

“ரெண்டு தபாம்மா.”

“ரெண்டு தபாவா! இப்ப எப்பிடி எறங்கறதுன்னே தெரியல. ஓமந்தூருக்கு அந்தாண்டருந்து ரெண்டு பஸ் மாறி வர்றோம். நீ எந்த ஊரு?”

“திண்டிவனம்.”

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார்.

“எங்க பக்கத்துலயே இருந்துக்கினு, எங்கள இம்மாந்தூரம் வரவெச்சு, பத்து பேரக் கூப்ட்டு மேல ஏத்திக்கீற. என்னாம்மா பேஜாரு இது! ஊட்டு அட்ரஸக் குடு. அங்கியே வந்து போட்டுப் பாத்துக்கறோம்.”

“ஆமாக்கா, எங்க கோயில்ல இன்னும் ரெண்டு கல்யாணம் இருக்குது. அவங்களையும் ஊட்டுக்கே அனுப்பறேன்” என்றாள் ஆஷ்லின்.

கண்ணாடிக் கதவு வைத்த கடை வேண்டும் என்று வீட்டாரோடு சண்டை போட்டு வந்தவள் நான். மாலில் இருந்தால்தான் மதிப்பு, ஜனம் தேடி வரும் என்று எல்லாரிடமும் சொன்னேன். திண்டிவனத்து வீட்டுக் கூடத்தில் இந்த நீளக் கவுனை எங்கே விரிப்பேன்? முடியாதென்றால் ஆர்டர் போய்விடும். விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

இருதயமேரி இறங்கும்போது மூன்று இடத்தில் படியிலேயே உட்கார்ந்தார். ஒவ்வொரு முறையும் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐந்து மணிக்குத் தென்னரசு வந்தார்.

“பெரிய ஆர்டராம்ல, ஜெயம் சொல்லிச்சு. அப்ப தொடர்றீங்களா?” குரலில் சலிப்பு இருந்தது.

பந்தயப்படி முதல் கட்டத்தில்தான் குறி போட வேண்டும். பேனா அதன்மேலேயே நின்றது. யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. முதலாளி மேலா, தென்னரசு மேலா, உள்ளதைச் சொல்லிவிட்டுப் போன அந்த அம்மா மேலா? தென்னரசு இரண்டு முறை தொண்டையைச் செருமினார். இரண்டாவது கட்டத்தில் குறி போட்டேன்.

“கீழ காரணம்னு ஒரு கோடு இருக்குது பாருங்க.”

வியாபாரம் இல்லை என்று எழுதினால், இன்றைக்கு அது பொய். ஆர்டர் கிடைத்ததால் காலி செய்கிறேன் என்று எழுதினால் சிரிப்பார்கள்.

“ஜல்தி மேடம், ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பணும். சொந்தக் காரணம்னு போடுங்க. பதினாறு பேரும் அதத்தான் போட்டாங்க.”

“அது ஒரு காரணமா சார்?”

“அதயெல்லாம் யார் படிக்கறாங்க?”

தாளை வாங்கி அவரே அப்படி எழுதினார். நான் பிடுங்கி அந்த வரியை அடித்தேன். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை. அவர் தாளை அப்படியே போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.