கடைக்குட்டியின் அளவு

வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு டெய்லரம்மா தரையில் முழங்காலிட்டிருந்தாள். எதிரே முக்காலிமேல் சுண்டு நின்றான். அவனுடைய கட்டம்போட்ட கால்சட்டையின் அடிமடிப்பைப் பிரித்து இறக்கிக்கொண்டிருந்தாள். வெளியே செட்டில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரிப்பெட்டியின் சூடு அந்தச் சின்ன அறையை அடைத்துக்கொண்டிருந்தது.

ஆறு வாரத்துக்கு முன்புதான் இதே கால்சட்டையை இறக்கியிருந்தாள். இன்று டேப்பை வைத்துப் பார்த்தால் மறுபடி இரண்டு விரல் கட்டை. சரி, வளர்கிற பிள்ளை. இடுப்பையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சட்டையைத் தூக்கினாள். கால்சட்டையின் பக்கத்தை மடித்து, அவனே ஓர் ஊக்குக் குத்தியிருந்தான். ஊக்கைக் கழற்றியதும் இடுப்பு தொளதொளவென்று நழுவியது. கால் நீண்டிருந்தது, இடுப்பு சுருங்கியிருந்தது.

குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். பேச வேண்டியிருந்தது.

"மத்தியானச் சாப்பாட்டை என்னடா பண்றே?"

"சாப்பிடறேனே."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

சுண்டு நிலைக்கண்ணாடியைப் பார்த்தான். "ஜெனரேட்டர் பக்கத்துல ஒரு நாய் இருக்குல்ல. குட்டி போட்டிருக்கு. பாவம்."

"எத்தனை நாளா அந்தப் பாவம்?"

அவன் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

சுண்டு நடிக்கும் தொலைக்காட்சித் தொடர் நான்கு வருடமாக ஓடுகிறது. எதையாவது தொலைத்துக்கொண்டே இருக்கும் ஓர் அப்பா, தொட்டதற்கெல்லாம் மயங்கி விழும் ஓர் அம்மா, வீட்டைத் தலைகீழாக்கும் நான்கு பையன்கள். ஒவ்வொரு வாரமும் ஏதாவது உடையும், எரியும், இல்லாவிட்டால் மேலிருந்து விழும். கடைசியில் மூன்று அண்ணன்களும் சேர்ந்து கடைக்குட்டி சுண்டுவைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவார்கள். உள்ளேயிருந்து "நான் இன்னும் சின்னப் பையன்தானே!" என்று ஒரு கத்தல் வரும். அதற்குத்தான் ஊரே காத்திருந்து சிரிக்கும். கதையில் சுண்டுவுக்கு என்றைக்கும் ஏழு வயது. முக்காலிமேல் நின்றவனுக்குப் பன்னிரண்டு பிறக்கப்போகிறது. செட்டுக்கு வெளியேயும் அவனை எல்லோரும் சுண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். மற்ற மூவரும் பெரியவன், ரெண்டாமவன், மூணாமவன்.

"வளரக் கூடாதாம்," என்றான் சுண்டு. "மேனேஜர் சொன்னாரு. இங்க வரைக்கும்தான்னு கையக் காட்டினாரு." தன் கையை மூக்குக்கு நேராக வைத்துக் காட்டினான். "அதுக்கு மேல போனா வேற பையனாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. சாப்பிடலேன்னா எலும்பு வளராதுன்னு மூணாமவன் சொன்னான்."

"அவன் பெரிய டாக்டரு."

"ஆனா வளருதே அக்கா," என்றான். "சாப்பிடாமயே வளருது."

அவனுடைய அப்பா கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தார். அம்மா தினமும் இவனுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு செட் வாசல் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். இவன் கொண்டுவருவதில்தான் வீடு நடந்தது. இதெல்லாம் டெய்லரம்மாவுக்குத் தெரியும். அளவெடுக்கும்போது பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

தன் இரண்டு பெண்களின் நினைவு வந்தது அவளுக்கு. கவுனின் மடிப்பைப் பிரித்து இறக்கிய நாளெல்லாம் அவள் வீட்டில் கொண்டாட்டமாக இருக்கும். இறக்க இறக்கத் துணியில் நிறம் மங்காத ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைக் காட்டிப் பக்கத்து வீடுகளிலெல்லாம் பீற்றிக்கொள்வார்கள்.

"இங்க பாரு," என்றாள். "இன்னையிலேருந்து நீ என் கண்ணு முன்னாடி சாப்பிடறே. உயரத்த நான் பாத்துக்கறேன்."

"எப்படி?"

"பதினெட்டு வருஷமா தைக்கிறேன். ஒல்லியா இருக்கறவன குண்டாக் காட்டியிருக்கேன், குண்டா இருக்கறவன ஒல்லியாக் காட்டியிருக்கேன். உன்னைக் குள்ளமாக் காட்டத் தெரியாதா எனக்கு?"

தெரிந்திருந்தது. சட்டைகளை ஓர் அளவு பெரிதாக்கினாள். தோள் கீழே இறங்கி நின்றது. சட்டைக்கைகள் விரல்நுனி வரைக்கும் தொங்கின. சட்டைப்பையை முன்னைவிடப் பெரிதாக வெட்டித் தாழ்வாக வைத்துத் தைத்தாள். அண்ணனுடைய உடுப்பை மாட்டிக்கொண்ட பொடிப்பயல் போல ஆனான் சுண்டு. அண்ணன்களின் சட்டைகளை நேர்மாறாக உடம்போடு இறுக்கித் தைத்தாள். பெரியவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். ஷாட்டுக்கு ஷாட் நடுவே பரீட்சைக்குப் படிக்கிற சாதுப் பையன் அவன். தொடரில்தான் கதவை உடைப்பான். அன்று மாலையே மூன்று பேரின் ஷூவையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

"உள்ள அட்டை வச்சுக் குடுங்கக்கா. நாங்க உயர்ந்துக்கறோம்."

ரெண்டாமவன் கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிறவன். அவன் தயங்கினான். "நடக்கும்போது விழுந்துட்டா?"

"விழு. நம்ம தொடர்ல யாரு விழல?" என்றான் மூணாமவன்.

செட் தச்சரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் பார்த்தால் சாப்பாட்டு மேசையின் கால்களில் இரண்டு விரல் உயரத்துக்குக் கட்டை ஏறியிருந்தது. அலமாரியின் முதுகுப்பலகை ஒரு சாண் பின்னால் போயிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். தச்சர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு, "பூச்சி அரிச்சிருந்துச்சு, மாத்திட்டேன்," என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போனார்.

மாதம் ஒருமுறை அளவு நோட்டைப் பார்க்க மேனேஜர் ஆள் அனுப்புவார். சுண்டுவின் பக்கத்தில் அவள் பழைய எண்ணையே எழுதினாள். வேலை போனால் போகட்டும் என்று சொல்லிக்கொள்ளும் நிலையில் அவளும் இல்லை. இருந்தும் எழுதினாள்.

மத்தியானம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சுண்டு சாப்பிட்டான். வீட்டிலிருந்து வரும் டப்பா போதாது என்று அவள் இரண்டு முட்டை அவித்துக்கொண்டு வந்தாள், வாழைப்பழம் கொண்டுவந்தாள். முதல் வாரம் கொறித்தான். பிறகு கேட்டு வாங்கினான். பிறகு கேட்காமலே அவளுடைய டப்பாவையும் திறந்தான். "டேய், என் பங்கையாவது விட்டுவைடா," என்று அவள் கத்துவாள். அவன் கன்னம் உப்ப, பதில் சொல்ல முடியாமல் சிரிப்பான். சாப்பிட்ட கையோடு துணிக்குவியல்மேல் சாய்ந்து தூங்கிப்போவான். பாதங்கள் மட்டும் குவியலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உடம்பை விட்டுவிட்டுப் பாதங்கள் முன்னால் ஓடிவிட்டன என்று நினைத்துக்கொள்வாள். அவற்றின்மேல் ஒரு சட்டையை இழுத்துப் போர்த்துவாள். நான்கு மாதம் அப்படி ஓடியது.

அந்த வாரத்துக் கதையில் பையன்கள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோக, வீடு முழுக்க வெள்ளம். செட்டின் தரையில் தார்ப்பாய் விரித்துக் கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினார்கள். காலையில் கதைக் காகிதத்தில் படித்தபோது டெய்லரம்மாவுக்கு அதன் அர்த்தம் உறைக்கவில்லை. உதவி டைரக்டர் வந்து, "நாலு பேரும் வெறுங்காலு. ஷூ வேண்டாம்," என்றபோதுதான் உறைத்தது.

"தண்ணியில கண்ணாடித் துண்டு ஏதாவது கிடந்தா? ஷூவோட போகட்டுமே," என்றாள்.

"வீட்டுக்குள்ள யாருக்கா ஷூ போடுவாங்க?"

நான்கு பேரும் தண்ணீரில் ஓடினார்கள், வழுக்கினார்கள், புரண்டார்கள். வாளியால் ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டார்கள். அப்பா நாற்காலிமேல் நின்று கத்த, அம்மா மேசைமேல் மயங்கி விழுந்தாள். நல்ல ஷாட். விளக்குப் பிடித்தவர்கள்கூடச் சிரித்தார்கள். கடைசியில் நான்கு பேரும் திருட்டு முழியோடு வரிசையாக வந்து நிற்க வேண்டும். வந்து நின்றார்கள். பெரிய சட்டை நனைந்து சுண்டுவின் தோளோடு ஒட்டியிருந்தது. தொங்கிய சட்டைக்கைகள் முழங்கைக்கு ஏறியிருந்தன. மூணாமவன் தண்ணீருக்குள் குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நின்று பார்த்தான். அப்படி நின்றும் அவன் தலையும் சுண்டுவின் தலையும் ஒரே மட்டத்தில் இருந்தன.

டைரக்டர் கட் சொல்லவில்லை. மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நால்வரும் நின்றுகொண்டே இருந்தார்கள். மூணாமவனின் கெண்டைக்கால் நடுங்குவது டெய்லரம்மாவுக்குத் தெரிந்தது.

மறுநாள் மேனேஜர் அளவு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தார். கோபப்படவில்லை. உட்காரவும் இல்லை.

"இதுல நாலு மாசமா ஒரே நம்பர் இருக்கே."

அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லா வேலை செய்யறவங்க நீங்க. அதனால இத இதோட விட்டுடறேன். அடுத்து வர்ற பையனோட அளவ எடுக்கும்போது நான் பக்கத்துல இருப்பேன்."

"அவனையே வளர்ந்த பையனாக் காட்டலாமே சார். எல்லா வீட்லயும் பிள்ளைங்க வளரத்தானே செய்யுது?"

"வளர்ந்தவன அலமாரிக்குள்ள வச்சா யாரும்மா சிரிப்பா?" என்று கேட்டுவிட்டு நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் சுண்டுவின் அம்மா வந்தாள். இத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் அவள் காலெடுத்து வைத்தது அன்றுதான். பையை மார்போடு அணைத்திருந்தாள்.

"நீங்கதான் முட்டை அவிச்சுக் குடுத்தீங்களாமே."

"ஆமா."

"டப்பா காலியா வரும். சாப்பிடறான்னு நெனச்சேன். அப்புறமும் காலியா வந்துச்சு. அப்பவும் சாப்பிடறான்னுதான் நெனச்சேன்." அவள் உதடு கோணியது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் பெத்தவ இல்லையா?"

"சொல்லியிருக்கணும். தப்புதான்."

"சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். சுவரில் தொங்கிய சின்னச் சட்டைகளைப் பார்த்தாள். "சொல்லியிருந்தா நான் அவனச் சாப்பிட விட்டிருப்பேனான்னு எனக்கே தெரியல," என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். டெய்லரம்மா இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பத்து நாள் கழித்து அவள் மறுபடி வந்தபோது கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பள்ளிக்கூடச் சீருடைத் துணி. பின்னால் சுண்டு நின்றான். அவள் இப்போது ஓர் அலுவலகக் கட்டடத்தில் மாடிப்படி துடைக்கப் போவதாகவும், நடுவில் படிப்பு விட்டுப்போனதால் இவனை ஐந்தாம் வகுப்பில் சேர்த்திருப்பதாகவும் சொன்னாள்.

"எல்லாம் பொடிப்பசங்க," என்றான் சுண்டு. "நான்தான் வகுப்புலயே உயரம். மறைக்குதுன்னு கடைசி பெஞ்சுல போட்டுட்டாங்க."

"கடைசி பெஞ்சு நல்ல பெஞ்சுடா. காத்து வரும்."

"எல்லாரும் கத்தச் சொல்றாங்க. அலமாரியில கத்துவேன்ல, அது மாதிரி."

"கத்தினியா?"

"மொத நாளு கத்தினேன். அப்புறம் கத்தல."

அவனுடைய அம்மா பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். "அளவுதான் உங்ககிட்ட இருக்கே. அவசரமில்ல, மெதுவாத் தைங்க."

"எங்கிட்ட இருக்கறது பொய்யளவு," என்றாள் டெய்லரம்மா. "டேய், வா. வந்து நில்லு."

முக்காலி தேவைப்படவில்லை. தரையிலேயே நின்றான். அவள் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைக்கும் அளந்து, எண்ணைச் சத்தமாகச் சொன்னாள். தோள், மார்பு, கை, கால் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் சுண்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தான். அன்றே வெட்டி, அன்றே தைத்தாள். கால்சட்டையை மடித்துக் கொடுக்கும்போது அடிப்பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். "மடிப்புல நாலு விரல் விட்டிருக்கேன். பிரிக்க வேண்டி வந்தா வேற எவங்கிட்டயும் குடுத்துடாதே. இங்க கொண்டா."

அவன் போய்விட்டான். தொடர் நிற்கவில்லை. தொடரில் வரும் அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி மாற்றியதால் சுண்டு அவள் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிகிறான் என்று கதையில் ஒரு வேடிக்கை எழுதினார்கள்.

புதுப் பையன் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தான். ஆறு வயது. தலை படிய வாரியிருந்தது. மேனேஜர் கதவருகில் சாய்ந்து நின்றார். அளவு நோட்டு அவர் கையில் இருந்தது. பையனின் அம்மா அவனைத் தூக்கி முக்காலிமேல் நிறுத்தினாள்.

"இவங்க அப்பா வழியில யாருமே உயரம் கிடையாதுங்க," என்றாள் டெய்லரம்மாவைப் பார்த்து, அவசரமாக. "சாப்பாடும் ரொம்பக் கம்மிதாங்க. ஒரு பிடி சாப்பிட்டா அன்னைக்குப் பூரா போதும் இவனுக்கு."

டெய்லரம்மா குனிந்தாள். இடுப்பில் டேப்பின் முனையை வைத்துக் கால் வழியாக இறக்கினாள். பாதிவழியில் டேப் தொய்ந்தது. தொளதொளத்த கால்சட்டைக்கு மேலாகக் கையை வைத்துப் பார்த்தாள். குழந்தையின் முழங்கால்கள் இரண்டும் லேசாக மடங்கி, இறுகி, நடுங்கிக்கொண்டிருந்தன.

"நேரா நில்லு கண்ணு," என்றாள்.

பையன் அசையாமல் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.