மூன்றாவது நட்டு

மூன்றாவது நட்டு கேஸ் சுடரில் பழுக்கச் சிவந்திருந்தபோதுதான் மாடிச் சன்னலிலிருந்து அப்பா கூப்பிட்டார். காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் ஸ்பேனரை மாட்டினான். துருவேறிய நட்டு, சூடு ஆறினால் மறுபடி இறுகிக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்கவேண்டும். அப்பா இரண்டாம் முறை கூப்பிட்டார். திட்டத்தான் என்று நினைத்துக்கொண்டு திருகினான்.

கழன்றது. நான்காவது தகராறு செய்யவில்லை. புகையை வடிகட்டும் கன்வெர்ட்டர் கனமாக அவன் நெஞ்சில் இறங்கியது. இனி கார் உறுமும். அதற்காகத்தான் இந்தப் பாடு.

இரவு வேலை முடிந்து வந்து தூங்காமல் ரோட்டரி எஞ்சினோடு மல்லுக்கட்டுபவனை அப்பா பேசாத பேச்சில்லை. பிஸ்டனே இல்லாத எஞ்சின், படிப்பை முடிக்காத ஓனர், பொருத்தம் பிரமாதம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவனும் சளைத்தவனில்லை. படுத்த படுக்கையில் அதிகாரம் பண்ண வேண்டாம் என்று நேற்றுதான் சொல்லியிருந்தான்.

கை கழுவிவிட்டு மேலே போனபோது அப்பா கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவில் கிடந்தார். மூச்சு இல்லை.

பஸ் ஓட்டும் அக்கா டிப்போவிலிருந்து சீருடையோடு வந்தாள். அழவில்லை. டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு படியில் வைத்துக் கேட்டாள்.

"உன்னைக் கூப்பிட்டாராடா?"

"தெரியலக்கா. கன்வெர்ட்டரைக் கழட்டிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பாத்துட்டு இருந்தேன். அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

அவள் மாடிக்கு ஏறிப் போனாள்.

மதியம் பிண வண்டி வந்தது. வீட்டுச் சந்து வழியை அடைத்துக்கொண்டு நின்ற காரை நகர்த்தினால்தான் உள்ளே வரமுடியும் என்றார் அதன் டிரைவர். அவன் காரை ஜாக்கியிலிருந்து இறக்கி, உட்கார்ந்து, சாவியைத் திருப்பினான்.

பாதியில் நின்ற புகைக்குழாயிலிருந்து கிளம்பிய சத்தம் இரண்டு பக்கச் சுவர்களிலும் மோதியது. ஒரு சன்னல் திறந்தது. அடுத்து ஐந்தாறு. எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் நாடாவோடு ஓடிவந்தார். காலையிலிருந்து தெரு அமைதியாகத்தானே இருந்தது, சாவு வீட்டில் இப்போது இதென்ன கூத்து என்று அக்காவிடம் சண்டைக்கு நின்றார்.

அக்கா திறந்திருந்த சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவன் காரைப் பத்தடி தள்ளி நிறுத்தினான். அவள் அருகில் வந்து குனிந்தாள்.

"ஆஃப் பண்ணு."

"முடியாதுக்கா. சூடேறாம நிறுத்தினா உள்ள பெட்ரோல் அடைச்சுக்கும். அப்புறம் ஸ்டார்ட்டே ஆகாது."

"எத்தனை தடவை கூப்பிட்டாரு?"

கத்தித்தான் கேட்டாள். அவன் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல்களைத் தூக்கினான்.

அக்கா நிமிர்ந்து நடந்தாள். அப்பாவைக் கீழே கொண்டுவந்தார்கள். தலைமாட்டை அவள் பிடித்திருந்தாள், கால்மாட்டைத் தையல்காரர். அவன் எதிரே, எஞ்சினின் வெப்பம் காட்டும் முள் இன்னும் அடியிலேயே கிடந்தது.