லைன் என்ற சொல்லுக்கு எட்டுச் சீட்டு

ஸ்கார்ன்விக் ஊர்ப் பாதிரியார் பெரகிரின் ஹால்ஸ்டெட்டுக்கு வெறும் காகிதத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. நாட்டின் பேரகராதிக்குச் சம்பளமில்லாமல் சொல் பொறுக்கித் தரும் சில நூறு பேரில் அவரும் ஒருவர். அச்சான புத்தகத்தில் ஒரு சொல் வந்த வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். சீட்டுக்கு ஒரு வாக்கியம். காகிதம் எதுவானாலும் சரி. அவர் பங்குக்கு வந்த சொல் ‘லைன்’.

கயிறும் லைன், கவிதையின் அடியும் லைன், ரயில் பாதையும் லைன், நெற்றிச் சுருக்கமும் லைன், ராஜ வம்சமும் லைன். “ஒரு சொல்லுக்குள்ள மொத்த இங்கிலாந்தும் அடங்கியிருக்கு!” என்று கல்யாண வீட்டிலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார். கல்யாண வீட்டில் குடித்திருந்தவர்கள் சிரித்தார்கள். சாவு வீட்டில் குடிக்காதவர்களும் சிரித்தார்கள்.

அவர் வீட்டுத் தரையைச் செவ்வாயும் வெள்ளியும் தேய்ப்பவள் டோர்கஸ் ரட்டர். மற்ற நாட்களில் கொழுந்தன் படகுக்கு லைன் கட்டுவாள். நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில். ஒவ்வொன்றிலும் உரித்த மட்டி ஒன்றைக் குத்த வேண்டும். மட்டி ஓடு கிழித்துக் கிழித்து அவள் விரல்கள் சீவிப்போட்ட காரட்டு மாதிரி இருந்தன. லைனுக்கு அவள் அறிந்த பொருள் அது ஒன்றுதான்.

மகன் ஜேபஸ் அந்தப் படகில் ஏற மாட்டேன் என்றான். ஐஸ்லாந்து பக்கம் மீன்பிடிக்கப் போகும் நீராவிக் கப்பலில் வேலை பார்த்துக்கொண்டான். புறப்படும்போது அவள் சொன்னாள்: “அந்தப் புகைக்கப்பல்ல கால வச்சீன்னா, அப்புறம் என் வாசப்படில கால வைக்காத.”

அவன் போய்விட்டான். ஐந்து மாதம் கழித்து, பிப்ரவரியில், ஒரு கடிதம் வந்தது. நீலத்தாள் இரண்டு. டோர்கசுக்கு எழுத்துத் தெரியாது. பாதிரியாரிடம் கொண்டுபோனாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணை ஓட்டினார்.

“சொகமா இருக்கானாம். குளிராம். எல்லாருக்கும் வணக்கமாம்.”

“அம்புட்டுதானாய்யா? ரெண்டு தாளு எழுதியிருக்கானே?”

“எழுத்துக்கு எழுத்துத் தப்பு, டோர்கஸ். படிக்கிறவனுக்குத் தலவலி. சாரத்தச் சொல்லிட்டேன்.”

“வாசப்படியப் பத்தி எதுனா...”

“வாசப்படியா? என்ன வாசப்படி? வச்சுட்டுப் போ, சாவகாசமாப் பாத்துச் சொல்றேன்.”

அவருக்குச் சாவகாசம் வருமுன் கப்பல் மூழ்கிப்போய்விட்டது. ஜேபஸோடு பதினோரு பேர். பாதிரியார் நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்தார். நல்ல பிரசங்கம், சொல்லப்போனால் போன வருஷத்துப் படகு விபத்துக்கும் அதையேதான் செய்தார். மறுநாள் டோர்கஸ் வந்து கடிதத்தைக் கேட்டாள். அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“மனசத் தேத்திக்கோ, டோர்கஸ். அது இப்ப அறிவுலகத்தோட சொத்து.”

“அப்பிடின்னா?”

“தாளுக்கு நாலா வெட்டி, சீட்டு எழுதி அனுப்பிட்டேன்.”

“எம் புள்ள கடுதாசியவா?”

“அவன் எழுதாத பக்கத்துலதானே எழுதினேன்!” என்றார், ஏதோ பெருந்தன்மை காட்டியவர்போல.

அகராதிக் காரியாலயத்துக்கு அவர் நான்கு பக்கம் எழுதிச் சீட்டுகளைத் திருப்பிக் கேட்டார். அதில் மூன்றரைப் பக்கம் லைன் என்ற சொல்லைப் பற்றியது. பதில் வரவில்லை. டோர்கஸ் ஒரு கூடை புகையூட்டிய ஹெர்ரிங் மீனை எடுத்துக்கொண்டு மூன்று ரயில் மாறிப் போனாள்.

பழைய கல்லூரிக் கட்டடம் ஒன்றின் நிலவறையில் இருந்தது காரியாலயம். தலைமை ஆசிரியர் டாக்டர் லாத்பரியின் தாடி, அவர் ஆராயும் மொழியைவிட ஓரிரு நூற்றாண்டுதான் இளையது என்று தோன்றியது. கெட்ட மனிதர் அல்ல. தம் வேலையைப் பார்க்கவே இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

“இந்தச் சொல்லோட மூலத்தப் புடிக்க எங்களுக்குப் பதினோரு மாசம் ஆச்சும்மா. அத்தனை பொருளும் ஒரே எடத்துலேர்ந்து கெளம்புது. லத்தீன்ல ‘லீனும்’னா ஆளிச் செடி. அதோட நார்ல திரிச்ச நூலு!”

“நூலுதானேய்யா? வேற என்னவா இருக்கும்?” என்றாள் டோர்கஸ்.

அறையில் யாரோ இருமினார்கள். டாக்டர் அவளை வினிஃப்ரெட் கோப்பிடம் அனுப்பிவிட்டார்.

கோப் இருபது வருஷமாக அங்கே சீட்டு அடுக்குகிறவள். “எப்பிடி இருக்கும்மா அந்தத் தாளு?”

“நீலம். மீனெண்ணெ வாடை அடிக்கும்.”

“அடக் கடவுளே, அந்த நாத்தம் புடிச்ச சீட்டா! எட்டு வந்துச்சு. டாக்டர் சன்னலத் தெறக்கச் சொல்லிச் சத்தம் போட்டாரு.”

சுவர் முழுக்க மரக்கூடுகள். லைனுக்கு மட்டும் அறுபதுக்கு மேல், பொருளுக்கு ஒரு கூடு. கோப் பொருளைச் சொல்லிக்கொண்டே கட்டுகளை இறக்க, டோர்கஸ் முகர்ந்துகொண்டே நகர்ந்தாள். துணி காயப்போடும் கயிற்றில் ஒன்று கிடைத்தது. போர்முனையில் ஒன்று. ரேகையில் ஒன்று. ராஜ வம்சத்திலும் ஜேபஸ் ரட்டரின் துண்டு ஒன்று இருந்தது. தேநீர் வேளைக்குள் ஏழு சேர்ந்தன.

கோப் அவற்றைத் திருப்பிப்போட்டு, வெட்டோடு வெட்டுப் பொருத்தினாள்.

“வெரல வச்சு வாசி தாயி. எனக்கு எழுத்துத் தெரியாது. நீ எங்க இருக்கேன்னாவது பாத்துக்கிறேன்.”

கோப்பின் விரல் நகர்ந்தது. தப்பான எழுத்தில் தடுக்கியது, நின்றது, பின்னால் போய் மறுபடி வந்தது.

“‘அம்மா, இங்க இரும்பத் தொட்டா கை ஒட்டிக்குது, பிச்சா தோலோட வருது. சமையக்காரன் உன்ன மாதிரியே வையிறான், அதுனால வீட்டு நெனப்பு வருது. உங் கையப் பாக்கச் சகிக்காமத்தான் போனேன். நான் படகுல ஏறுனா நீ எனக்கும் சேத்து மட்டி உரிக்கணும். அத நான் உங்கிட்ட சொல்லல, கோவத்துல இருந்தேன். வாசப்படியப் பத்தி நீ சொன்னது எப்பவும் நெனப்புல இருக்கு. அதுக்கு நான் சொல்றது என்னன்னா...’”

ஏழாவது துண்டு அங்கே முடிந்தது.

எட்டாவது மேல்மாடியில் இருந்தது. அச்சுக்குத் தேர்ந்த சீட்டுகளைக் கனத்த தாளில் பசை தடவி ஒட்டிவிடுவார்கள். கோப் அந்தத் தாளையே கொண்டுவந்தாள். ஒட்டியிருந்த சீட்டின் முகத்தில் ஹால்ஸ்டெட் பாதிரியாரின் கையெழுத்து: ‘நேர்மையின் லைனை விட்டு விலகாதிருங்கள்.’ எடுத்த நூல், ஹால்ஸ்டெட் பாதிரியாரின் பிரசங்கங்கள். தம் செலவில் அச்சடித்து, தாமே வாசித்து, தாமே பொறுக்கி, தாமே அனுப்பியிருந்தார். அந்தப் பொருளுக்குப் புதிய மேற்கோள் வேறு கிடைக்காததால் டாக்டரும் ஒப்பமிட்டுவிட்டார்.

தேநீர்க் கெட்டிலின் ஆவியில் கோப் அதைப் பிடித்தாள். கால்மணி நேரத்தில் சீட்டு உரிந்து வந்தது. ஜேபஸின் பக்கத்தில் பசையும் மையும் கலந்து, சாயம் போன நீலம் மட்டும் இருந்தது.

கோப் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மேசைமேல் வைத்து, விரலை ஊன்றினாள்.

“‘நீ சொன்னத நான் மனசுல வச்சுக்கல. கிறிஸ்துமசுக்கு வர்றேன். கதவத் தெறந்து வையி.’”

விரல் ஓரத்திலிருந்து ஓரம்வரை வழுக்கிக்கொண்டு போனது. எங்கும் தடுக்கவில்லை, நிற்கவில்லை, பின்னால் போகவில்லை. டோர்கஸ் வார்த்தைகளைக் கேட்டதைவிட அந்த விரலைத்தான் கவனித்தாள்.

“நல்லா வாசிச்ச தாயி,” என்றாள். மீன் கூடையைக் கோப்பின் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

ஏழு சீட்டுகளுக்கும் புதிதாக நகலெடுத்துக்கொண்டு கோப் அவற்றைக் கொடுத்துவிட்டாள். எட்டாவதில் டாக்டரின் ஒப்பம் இருந்தது. அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

மறுவருஷம் அந்தப் பாகம் வெளிவந்தது. பாதிரியார் தம் வாக்கியம் வந்த பக்கத்தைக் கூடத்தில் ஒரு மரத்தாங்கியில் விரித்து வைத்தார். வருகிற விருந்தாளிகளுக்கு வேறு பக்கம் புரட்ட அனுமதி இல்லை.

“அந்த நீலச் சீட்டுல எழுதுன வரி எதய்யா? வெரல வச்சுக் காட்டுங்க,” என்றாள் டோர்கஸ்.

அவர் பூரித்துப்போய்க் காட்டினார்.

அதுமுதல் செவ்வாயும் வெள்ளியும் தரையைத் தேய்த்து முடித்ததும், கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு அவள் அந்த இடத்தில் விரலை வைப்பாள். பாதிரியார் விருந்தாளிகளிடம் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: “எழுத்து வாசனையே கெடையாது. ஆனா என் வாக்கியத்தத் தொடாமப் போக மாட்டா, பாருங்க.”

விருந்தாளிகள் பார்த்தார்கள். வெடிப்பு விழுந்த விரல் அந்த ஒரு வரியில் ஊர்ந்துபோனது. தடுக்கியது, நின்றது, பின்னால் போய் மறுபடி வந்தது.