பதினோராம் குழி மேடு

கோல்ப் சங்கத்துப் பெரிய மனிதர்களுக்குத் திடீரென்று பழமை மேல் காதல் பிறந்துவிட்டது. மைதானத்தை முதன்முதலில் வடிவமைத்தவர் வரைந்தபடியே திருப்பி அமைக்க வேண்டுமாம். எது அசல், எது பிற்பாடு ஒட்டிக்கொண்டது என்று எழுதித்தர ஓர் ஆராய்ச்சிக்காரியை அமர்த்தினார்கள். அசல் இல்லை என்று அவள் எழுதுவதையெல்லாம் தோண்டிச் சமன் செய்துவிடுவார்கள்.

அவள் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன் அவளுடைய அப்பா இங்கேதான் புல்டோசர் ஓட்டினார். ஓர் அடைமழை நாளில் அவரையும் காணோம், வண்டியையும் காணோம். வண்டியை விற்றுவிட்டு எவளோடோ ஓடிவிட்டான் என்றது ஊர். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அம்மாவும் அதை நம்பி இன்றுவரை வாயாரத் திட்டிக்கொண்டிருக்கிறாள். ஓடிப்போனவன் மகள் என்ற பட்டத்தோடுதான் இவள் பள்ளிக்கூடம் போனாள், கல்யாணமும் பண்ணிக்கொண்டாள். அது உண்மையா என்று தெரிந்தாக வேண்டும்.

சங்கத்து அலமாரியில் வடிவமைத்தவரின் கடிதம் ஒன்று கிடைத்தது. 'பதினோராம் குழிக்குப் பக்கத்து மேடு நான் வரைந்ததல்ல. யார் போட்டது?' என்று காய்ந்திருந்தார். பதில் கடிதம் இல்லை. வேலைப் பதிவேட்டில் அந்த மழை நாளுக்கு ஒரே வரி: 'குளக்கரை சரிந்தது. மூடியாயிற்று.'

பத்து வருஷத்துக்கு ஒன்றாக ஐந்து வரைபடங்கள் இருந்தன. மெல்லிய தாளில் படியெடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். குளமும் மரங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. மேடு மட்டும் படத்துக்குப் படம் அறுபதடி தள்ளியிருந்தது. அளவுகோலை வைத்துப் புள்ளிகளைச் சேர்த்தாள். கோடு வேலியைத் தாண்டி, பின்தெருவில் அம்மா இன்னும் குடியிருக்கும் வீட்டு வாசலில் போய் முட்டியது.

மைதானத்தில் புல் வெட்டுபவரிடம் அந்த மேட்டைப் பற்றிக் கேட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மண்ணுன்னா அமுங்கணும்க்கா. இது நகருது. மேல ஒரு புல்லுகூடக் கிழியல. என் மெஷினை அணைச்ச பிறகும் கால்ல அதிரும், கீழ இன்ஜின் ஓடுற மாதிரி. கிறுக்குன்னு சொல்லிடுவாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடல."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறி நின்றாள். நல்ல வெயில், காற்றே இல்லை. உள்ளங்கால் அதிர்ந்தது. அவளுக்கு அழுகையும் பயமும் சேர்ந்தே வந்தன.

அசல் என்று எழுதினால் மேட்டை யாரும் தொடமாட்டார்கள். அப்பா அவர் பாட்டுக்கு வந்துகொண்டிருப்பார். அதை முடிவு செய்ய இவள் யார்? தாள்களைச் சுருட்டிக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

அம்மா முதலில் "உளறாதடி" என்றாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டின் மேல் விரலை ஊரவிட்டாள்.

"தினம் திட்டினேனே. அத்தனையும் கேட்டுக்கிட்டேதான் வந்துட்டு இருக்காரா?"

மகள் மேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே அளவுகோலை வைத்தாள்.

"இங்க வந்து சேர இன்னும் எத்தனை வருஷம் ஆகும்?"

"முப்பத்து மூணு வருஷம் ஆகும்மா."

எழுபத்தாறு வயது அம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

"அவ்வளவு நாள் எனக்கு இல்லடி. தோண்டச் சொல்லு. மீதித் தூரத்தை நான் நடந்து போறேன்."