முதுகு காட்டி நடந்தவள்

திருப்பதி டப்பிங் ஸ்டுடியோவின் ஏசி குளிரிலும் அம்சவேணிக்கு வியர்த்துக் கொட்டியது. இதுவரை கூட்டத்தில் கத்துகிறவளாகவும் கதாநாயகியின் தோழியாகவும் குரல் கொடுத்துக் காலம் தள்ளியவள். இன்றுதான் முதல்முறையாகக் கதாநாயகிக்கே பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.

தமிழுக்கு மாற்றுகிற தெலுங்குப் படம். சித்தூர்ப் பக்கத்துக் கூலிக்காரப் பெண் ஒருத்தி, குடிகாரப் புருஷனோடு மல்லுக்கட்டிச் சலித்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுகிறாள். 'போதும்' என்று ஒரே சொல். அவள் ஜனத்து வழக்கப்படி அத்தோடு கல்யாணம் முறிந்தது. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, முதுகு காட்டி நடந்து போகிறாள். மூலத்தில் அந்த நடைக்குப் பேச்சே கிடையாது.

தமிழ் வசனம் எழுதி, பேசவும் வைக்கிற நரசிம்மனுக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. முகம் தெரியாத ஷாட் என்றால் இந்தத் தொழிலில் கொண்டாட்டம்தான். உதடு தெரியாதபோது எதை வேண்டுமானாலும் திணிக்கலாம். அவர் திணித்திருந்தது இது: "தெய்வமே, அவரைத் திருத்து. அவர் காலடிக்கே திரும்பி வந்துடறேன்." அதுவும் அழுதுகொண்டே.

இரண்டு முறை முயன்றாள். இரண்டு முறையும் பாதியில் நிறுத்திவிட்டாள். இந்த வசனம் வேண்டாமே என்று மெல்லக் கேட்டாள். குடும்பத்தோடு பார்க்கிற படம், நல்ல பெண் புருஷனை அப்படி உதறிவிட்டுப் போகமாட்டாள், இது நம்ம ஜனங்களிடம் இல்லாத பழக்கம் என்றார் நரசிம்மன். முடியாதென்றால் குரல் கொடுக்க வெளியே இன்னொருத்தி, நளினி, காத்திருக்கிறாள் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

"எங்க ஜனத்துல இருக்குது சார். எங்க ஊரு பாலசமுத்திரத்துல எங்கம்மா இப்டிதான் துரும்பு கிள்ளிப் போட்டுட்டு, என்னத் தூக்கிக்கினு வந்துச்சு. ஒரு சொட்டு அழுவல."

ஏன் சொன்னோம் என்று உடனே ஆகிவிட்டது. அம்மா பிறகு கன்னையாவைக் கட்டிக்கொண்டதும், அவரையே இவள் நைனா என்று கூப்பிட்டு வளர்ந்ததும் ஊரில் ஒரு பேச்சே இல்லை. இங்கே நரசிம்மன் அவளைத் தலைமுதல் கால்வரை அளந்தார்.

"இத வெளிய சொல்லாதம்மா. உனக்குத்தான் அசிங்கம்," என்றார். அந்த மனுஷன் அதை அக்கறையாக வேறு சொன்னார்.

ஒலிப்பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. வேலை போனால் போகட்டும், வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். திரையில் அந்தப் பெண் நடக்க ஆரம்பித்தாள். அம்மாவை ஒருத்தர் அசிங்கம் என்று சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றோமே என்று அம்சவேணிக்கு அழுகை முட்டியது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள். அடங்கவில்லை, விம்மி வெடித்துவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நரசிம்மன் ஓகே சொன்னார். வசனமே வேண்டாம், இந்த அழுகை போதும், நளினிகூட இப்படி அழுதிருக்கமாட்டாள் என்று பூரித்துப்போனார்.

அதை அழித்துவிடும்படி கெஞ்சினாள். "அது புருஷனுக்காக அழுதது இல்ல சார்."

"பாக்கறவங்களுக்கு அது எப்படிம்மா தெரியும்?" என்றவர், அடுத்த காட்சியைப் போடச் சொன்னார்.