ஒன்பதாவது நகல்

பெர்கன் நகரக் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் ஸ்வெய்னுங்குக்கு பழைய நண்பன் யூஸ்டைன் மூலப்பதிவு என்று போட்டுக் காட்டிய ஒலிநாடாவின் மேல் தொடக்கத்திலிருந்தே சந்தேகம். இரைச்சலே இல்லை. சனிக்கிழமை மத்தியானம், வெளியே வழக்கமான மழை. யூஸ்டைன் வீட்டுச் சோபாவில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் இருவரும் ஒரே பிளாக் மெட்டல் குழு; இரைச்சலையே அழகாகக் கொண்டாடும் முரட்டு ராக் இசை அது. முதல் நாடாவில் டிரம்ஸ் அடித்தவன் ஸ்வெய்னுங். பிறகு அவனை அனுப்பிவிட்டு, வேறொருவனை வைத்துப் பெரிய ஸ்டுடியோவில் ஆல்பம் போட்டார்கள். உலகமெல்லாம் பேர் வாங்கியது ஆல்பம்தான். ஆனாலும் விஷயம் தெரிந்தவர்கள், ‘ஆல்பம் வெறும் பளபளப்பு, அசல் அந்த முதல் நாடாதான்’ என்பார்கள். அந்த ஒரு பேச்சை வைத்துத்தான் அவன் இத்தனை காலம் தலைநிமிர்ந்து நடந்தான். இப்போது அந்த நாடாவை அவன் பேரோடு யூஸ்டைன் இசைத்தட்டாகக் கொண்டுவரப்போகிறான்.

“இது நம்ம டேப் இல்லடா,” என்றான்.

“பின்ன யாரோடது?”

“துடைச்சு மெழுகியிருக்கே. டிரம்ஸுக்கு வேற ஆளையும் வெச்சிருக்கே. அன்னிக்கு என்னைத் துரத்தினது போதலையா?”

“காசு கொடுத்து ஆள் வெச்சா இவ்வளவு மோசமாவா அடிப்பான்?” என்றான் யூஸ்டைன், ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்தபடி.

ஸ்வெய்னுங் கோட்டுப் பையிலிருந்து தன் நாடாவை எடுத்தான். அந்தக் காலத்தில் நாடாக்கள் தபாலில் சுற்றின. கிடைத்தவன் நகலெடுத்து அடுத்தவனுக்கு அனுப்புவான்; ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கூடும். ஸ்வெய்னுங் தன்னுடையதை எவனுக்கோ அனுப்பிவிட்டான்; பின்னால் அவனுக்குத் திரும்பக் கிடைத்தது ஒன்பதாவது நகல். அதைப் போட்டான். பனிப்புயல் போல இரைச்சல். அதற்குள் மலை சரிவது போல டிரம்ஸ்.

“இதுதான் நாம.”

“அது ஒன்பது டேப்போட இரைச்சல். நாம இதுதான்,” என்று யூஸ்டைன் மறுபடி தன்னுடையதை ஓடவிட்டான்.

வெல்டிங்கில் விரிசல் தேடுவதுபோல ஸ்வெய்னுங் குறை தேடினான். மூன்றாவது பாட்டின் அடியில் ஏதோ உறுமி ஏறியது. வாஷிங் மெஷின். யூஸ்டைன் வீட்டில் அவர்கள் பதிவு செய்த அந்த நாள் வியாழக்கிழமை. துவைக்கிற நாளை மாற்ற முடியாது என்று யூஸ்டைனின் அம்மா பிடிவாதம் பிடித்தது ஞாபகம் வந்தது. இதை யாரும் ஜோடித்திருக்க முடியாது. அப்படியானால் அந்த நொண்டியடிக்கும் தாளம் தன்னுடையதுதான். அவனுக்குக் காது சுட்டது.

“இத்தனை வருஷமா ஏன் வாயைத் திறக்கல?”

“முதல் டேப்தான் அசல்னு நீ சொல்லிட்டுத் திரிஞ்சே. கெடுப்பானேன்னு விட்டேன். இப்பவும் உன் நகலையே போடலாம், ஒருத்தனுக்கும் தெரியாது. நீ சொல்றதுதான்.”

இவன் இவ்வளவு நல்லவனா? எதில் மாட்டப் பார்க்கிறான்? ஸ்வெய்னுங் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாட்டு முடிந்தது. நாடா ஓடிக்கொண்டிருந்தது. நகலில் இந்த இடத்தில் வெறும் இரைச்சல்தான் இருக்கும். இதிலோ மீசை அரும்பாத வயதில் அவனுடைய குரலே: “தப்பாப் போச்சு. இன்னொரு தடவை அடிக்கிறேன்.”

இன்னொரு குரல், யூஸ்டைனுடையது: “வேண்டாம் விடு. இதுதான் நல்லாருக்கு.”

யூஸ்டைன் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உன்னோடதையே போடு,” என்றான் ஸ்வெய்னுங். “அந்தப் பேச்சை மட்டும் வெட்டிடாதே.”

“வெட்டல.”

“நெஜமா?”

“வேணும்னா எழுதித் தரவா?”

“தா,” என்று பேனாவை நீட்டினான்.